நான்கு விளக்குகள், ஒரு நிழல்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நடந்தது எனக்கில்லை, என் தாய்மாமாவுக்கு. பொய் சொல்லத் தெரியாத மனிதர். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் முகம் மலர்ந்துவிடும், கெட்ட சீட்டு வந்தால் தொங்கிவிடும். அதனாலேயே எல்லோரும் அவரை ஆட்டத்துக்கு வருந்தி வருந்திக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் இதை என்னிடம் சொல்லும்போது தரையைப் பார்த்தபடியே சொன்னார். ஒரு முறைதான் சொன்னார். திரும்பக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

மாமாவின் தொழில் மைதானங்களுக்கு விளக்குப் பொருத்துவது. பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'லைட்காரர்' என்றால் தெரியும். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அப்போது கடல் தாண்டி மகன் வீட்டில் இருந்தார். பேத்தி பிறந்த நேரத்தில், ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர். பேத்தி நடந்து, ஓடி, எதிர்த்துப் பேசவும் ஆரம்பித்துவிட்டாள். அத்தை வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. இன்று, நாளை என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

மாமா குறைபட்டுக்கொண்டதில்லை. ஆனால் வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரம் மட்டும் அவரைவிட்டுப் போய்விட்டது. பூட்டைத் திறந்தால், காலையில் குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். "அதப் பாக்கத்தான்டா பிடிக்கல" என்பார்.

அடுக்கு வீடுகளுக்கு நடுவே ஒரு பொதுப் பூங்கா. அதற்குள் ஒரு டென்னிஸ் மைதானம். பல வருடமாகத் தரை வெடித்து, வலை நைந்து கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக நீல நிறத்தில் தளம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் கம்பிவேலி. நான்கு மூலைகளிலும் நான்கு உயரமான கம்பங்கள், அவற்றின் உச்சியில் புது விளக்குகள். பழைய கம்பங்களைப் பிடுங்கி எப்போதோ லாரியில் ஏற்றியாகிவிட்டது.

விளக்கை மாட்டுவது பகல் வேலை. அதைச் சரியான கோணத்துக்குத் திருப்பி வைப்பதுதான் இருட்டு வேலை. வெளிச்சம் தரையில் சமமாக விழ வேண்டும். பந்தை அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் அடிக்கக் கூடாது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளைத் தூக்கும் லிஃப்ட் வண்டியின் கூடையில் ஒருவர் மேலே போய் விளக்கைத் திருப்புவார். இன்னொருவர் கீழே ஆட்டக்காரர் மாதிரி நின்றுகொண்டு, கண் கூசுகிறதா இல்லையா என்று சொல்வார்.

அன்று பார்த்து, கூட வேலை செய்பவருக்குப் பல்வலி. கன்னம் பந்து மாதிரி வீங்கிவிட்டது. மறுநாள் மாலை திறப்பு. "எப்படியாவது முடிச்சிடுங்க, என் மானமே அதுலதான் இருக்கு" என்று இஞ்சினியர் போனில் கெஞ்சினார். மாமா தனியாகக் கிளம்பிப் போனார்.

இருட்டிக்கொண்டு வந்தது. திறந்திருந்தால் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று, பூங்காவின் கேட்டை உள்பக்கமிருந்து பூட்டினார். இழுத்தும் பார்த்தார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு வெளியே இருந்த சுவிட்சுப் பெட்டியைத் திறந்து நான்கையும் போட்டார். டக். டக். டக். டக். மைதானம் பட்டப்பகல் ஆயிற்று.

அப்போதே ஒன்று அவர் கண்ணில் பட்டது. புது விளக்கு போட்டால் பூச்சிகள் மொய்க்கும். முப்பது வருடமாகப் பார்க்கிறார். அன்று நான்கு விளக்குகளையும் ஒரு பூச்சிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் பூச்சிகள் இருந்தன. வேலியின் நடுப்பகுதியில், இரண்டு ஆள் உயரத்தில், வெறும் காற்றில், ஒரு கொத்தாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே கம்பமும் இல்லை. விளக்கும் இல்லை.

'பூச்சிக்கும் புத்தி கெட்டுப்போச்சு' என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

மேலே போய் ஒரு விளக்கைத் திருப்புவார். கீழே வந்து நின்று பார்ப்பார். சரியில்லை என்றால் மறுபடி மேலே. மூன்றாவது முறை இறங்கியபோது முழங்கால் வலித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

வேலிக்கு உள்ளே, பெஞ்சில், ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

ஏறக்குறைய மாமா வயதுதான். வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன், பக்கத்தில் ஒரு பை. பையிலிருந்து டென்னிஸ் மட்டையின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"யாரு சார்? கேட்டு பூட்டியிருந்துச்சே?"

"நான் எப்பவும் வர்றவன்தான்."

"கோர்ட் நாளைக்குத்தான் சார் திறக்கறாங்க."

"தெரியும். பார்ட்னருக்காக உக்காந்திருக்கேன்."

"இப்ப வரேன்னாரா?"

"வரமாட்டாரு. வேற ஊருக்குப் போயிட்டாரு." மட்டையின் பிடியைத் தடவினார். "இருந்தாலும் உக்காந்திருக்கேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளித்திருப்பார்கள். மாமாவுக்கு அது புரிந்தது. வராத ஆளுக்காக உட்கார்ந்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். வேறொரு சாவி யாரிடமாவது இருக்கும் என்று நினைத்து, பூட்டிய கேட்டையும் மறந்துவிட்டார். உண்மையைச் சொன்னால், பேச ஒரு ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"சார், ஒரு உதவி. கீழ நின்னு, கண்ணு கூசுதா இல்லையான்னு மட்டும் சொல்றீங்களா?"

அந்த மனிதர் உடனே எழுந்துவிட்டார். "சொல்லுங்க, எங்க நிக்கணும்? சும்மாதான இருக்கேன்."

மாமா கூடையில் ஏறினார். கூடையை ஏற்றி இறக்கும் லிவரை அழுத்தினார். ர்ர்ர்ர்... கூடை நான்கு மாடி உயரத்துக்குப் போய் நின்றது.

"கூசுதா சார்?"

"இல்ல."

விளக்கைத் திருப்பினார். "இப்ப?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம். "இப்ப?"

"இல்ல."

மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே விளக்கை நேராக அவர் முகத்துக்குத் திருப்பினார். அந்த வெளிச்சத்தை அரை நொடி பார்த்தாலே கண்ணில் நீர் கொட்டும். கண்ணை மூடினாலும் உள்ளே பச்சை பச்சையாகத் தெரியும்.

அந்த மனிதர் கண்ணை அகலத் திறந்து விளக்கையே பார்த்தார். இமைக்கவில்லை.

"கூசுதா?"

"இல்ல. எதுவுமே தெரியல."

மாமா விளக்கை அவர் முகத்திலிருந்து விலக்கினார். கீழேயிருந்து குரல் வந்தது.

"வீட்டுல தேட மாட்டாங்களா உங்கள?"

"வீட்டுல யாரும் இல்ல சார்."

"அப்படித்தான் நெனச்சேன்."

அதைச் சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் தெரியவில்லை. அப்போதுதான் தரையைப் பார்த்தார்.

நான்கு விளக்குகளுக்கு நடுவே நிற்கும் எதற்கும் நான்கு நிழல் விழும். பூவின் இதழ் மாதிரி, நாலா பக்கமும், மெலிதாக. மாமாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வலைக் கம்பத்துக்கு நான்கு நிழல். பெஞ்சுக்கு நான்கு. கீழே விட்டு வந்த கருவிப் பைக்கும் நான்கு.

அந்த மனிதருக்கு ஒன்று.

ஒன்றே ஒன்று. கன்னங்கரேல் என்று, நீளமாக, மைதானத்தின் குறுக்கே கிடந்தது. ஒரே ஒரு விளக்கு, அதுவும் தாழ்வான விளக்கு, பக்கவாட்டில் எரிந்தால் விழும் நிழல்.

மாமாவின் கண் தானாகவே அந்த நிழலைப் பின்னோக்கி அளந்தது. முப்பது வருடப் பழக்கம். நிழல் இங்கே என்றால் விளக்கு அங்கே. வேலியின் நடுவில். இரண்டு ஆள் உயரத்தில்...

பூச்சிகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில்.

டக்.

முதல் கம்பத்து விளக்கு அணைந்தது.

சுவிட்சுப் பெட்டி வேலிக்கு வெளியே. அந்த மனிதர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

டக்.

"சார்... யாராவது அங்க..."

டக்.

மாமா கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டக்.

நான்கும் அணைந்துவிட்டன. கும்மிருட்டாக இருந்திருக்க வேண்டும்.

இருட்டவில்லை.

மஞ்சளாக ஒரு வெளிச்சம். அழுக்கான, நடுங்குகிற வெளிச்சம். எதிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பூச்சிகள் மட்டும் அதே இடத்தில் சுற்றின. கீழே நீலத் தளத்தைக் காணவில்லை. தரை பச்சையாக இருந்தது. வெளிறிய பச்சை. அதில் நெடுக வெடிப்பு. வெடிப்பில் புல்.

அந்த மனிதர் கூடைக்கு நேர் கீழே வந்து நின்றார். கையில் ஒரு மட்டை. இன்னொரு மட்டையை மேலே நீட்டினார்.

"கீழ வாங்க. ஒரே ஒரு ஆட்டம்."

"எனக்கு... ஆடத் தெரியாது சார்."

"நான் சொல்லித் தரேன்."

ர்ர்ர்ர்...

கூடை இறங்க ஆரம்பித்தது.

மாமா குனிந்து லிவரைப் பார்த்தார். அதை ஒரு கை அழுத்திக்கொண்டிருந்தது.

அவருடைய சொந்தக் கைதான்.

இதைச் சொன்னபோது மாமா தன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்கு அந்த ஆளப் பாத்து பயமா இல்லடா. போலாம்னு தோணுச்சு. போனா என்னன்னு தோணுச்சு. அதுதான் பயம்."

ர்ர்ர்ர்...

நீட்டிய மட்டை நெருங்கியது.

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. மணி எட்டு ஐம்பது. லிவரிலிருந்து கை நழுவியது. கூடை ஆடி நின்றது.

அத்தை.

"ஐயோ, என்னங்க, நான் கூப்பிடல. பாப்பா போன வச்சு நோண்டிக்கிட்டிருந்தா, அழுத்திட்டா. வேலையா இருக்கீங்களா? வச்சிடட்டுமா?"

"வைக்காத."

"என்னங்க?"

"வைக்காத. பேசு."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. நிறுத்தாத."

அத்தை போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மாமா அத்தையிடம் அப்படிக் கேட்டதே இல்லை. அத்தைக்கு என்ன தோன்றியதோ, ஏன் என்று கேட்காமல் பேச ஆரம்பித்துவிட்டார். துணி காயாதது, மருமகளின் இருமல், பாப்பா சுவரில் கிறுக்கியது. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார். கீழே ஒரு சத்தமும் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

நடுவில் அத்தை சட்டென்று நிறுத்தினார்.

"யாரு அங்க பந்தாடறது? டொக்கு டொக்குன்னு கேக்குதே..."

மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

"நீ பேசு" என்றார்.

அத்தை பேசினார். விடாமல் பேசினார்.

பத்து மணிக்கு இரவுக் காவலாளி தன்னிடமிருந்த சாவியால் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "யாருங்க மேல? நாலு லைட்டும் ஏழு மணியிலேருந்து பளபளன்னு எரியுதுன்னு வீட்டுக்காரங்க சொல்றாங்க, கீழ ஆளையே காணோம்?"

மாமா கண்ணைத் திறந்தார். நான்கு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நீலத் தளம் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன்மேல் யாரும் இல்லை.

கூடை தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் நின்றிருந்தது.

மறுநாள் மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். மாமா போகவில்லை. அத்தை அடுத்த மாதமே வந்துவிட்டார். "நீங்க அன்னிக்குப் பேசின குரலே சரியில்ல" என்றாராம். என்ன நடந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அன்று ராத்திரி காவலாளி மாமாவைத் தன் அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மாமா கேட்காமலேயே அவராகச் சொன்னார். தினமும் மாலையில் ஆட வரும் ஒருவர் இருந்தாராம். கூட ஆடுபவர் ஊர் மாறிப் போன பிறகும் இரண்டு மட்டையோடு வந்து உட்காருவாராம். போவோர் வருவோரிடமெல்லாம் "ஒரே ஒரு ஆட்டம்" என்று கேட்பாராம். எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நழுவிவிடுவார்களாம். ஒரு மழை நாளில், வேலி நடுவில் விட்டு விட்டு எரிந்த பழைய விளக்கைத் தட்டப் போய்க் கம்பத்தைத் தொட்டிருக்கிறார். கம்பத்தில் மின்சாரம். காலையில் பெருக்க வந்தவர்கள்தான் பார்த்தார்கள். அதன் பிறகுதான் புது விளக்கு, புதுத் தளம் எல்லாம்.

மாமா தலையை ஆட்டினார். இப்படி ஏதாவது இருக்கும் என்று அவருக்கே தோன்றியிருந்தது. எழுந்து கிளம்பப் போனார்.

"உங்களுக்கு முன்னாடி வந்த லைட்காரர் விஷயம் யாரும் சொல்லலையா உங்ககிட்ட?" என்றார் காவலாளி.

இல்லை. யாரும் சொல்லவில்லை.

போன மாதம். கம்பம் நட்டு, முதல் இரண்டு விளக்குகளை மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாராம். அவரும் தனி ஆள். வீட்டில் யாரும் கிடையாது. விடிந்ததும் பார்த்தால், கூடை ஒழுங்காகத் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் வேலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது, ராத்திரி பூராவும் ஓடியவர் மாதிரி.

"அதுகூடப் பரவாயில்லைங்க" என்று காவலாளி குரலைத் தாழ்த்தினார். "அவரோட ஷூவ நான்தான் கழட்டினேன். அடியெல்லாம் பச்சப் பொடி அப்பியிருந்துச்சு. அப்ப கோர்ட்டுல பச்சையே கிடையாதுங்க. பழைய தரைய சுரண்டி அள்ளிட்டுப் போயி ஒரு வாரம் ஆச்சு. வெறும் சிமெண்டுதான் கிடந்துச்சு."