தக்காளிப் பாத்தியில் சிவப்புத் துணி

சவரிமுத்துவின் தங்கை செத்துப்போனதற்கு நான்தான் காரணம். அதற்கு மறுநாள் அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்தேன். அவள் சாவுக்குத் தானே காரணம் என்று சவரிமுத்துவை நம்ப வைத்தேன். இரண்டும் நான் பதினோராம் வகுப்பு படித்த காலத்தில் நடந்தவை. 

எங்கள் உயர்நிலைப் பள்ளி காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சேலத்திலிருந்து தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பள்ளியில் விவசாயப் பிரிவு உண்டு. கணக்கும் சரித்திரமும் போக, மண்வெட்டி பிடிப்பதற்கும் எங்களுக்கு மார்க் போட்டார்கள். "இதுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம், அதுக்கு ஒரு வாத்தியாரு" என்று என் அப்பா சிரிப்பார். ஆனால் பள்ளித் தோட்டத்துக்கான நிலத்தையும் கிணற்றையும் விட்டுக்கொடுத்திருந்தது அவர்தான். அதனால் அந்தத் தோட்டத்தில் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்த நடை.

விவசாய வாத்தியார் சின்ன வயதுக்காரர். வகுப்புக்குள் வந்ததும் "புத்தகத்த மூடுங்கடா" என்பார். நாற்று விடுவது, உரம் வைப்பது, மருந்து கலப்பது எல்லாவற்றையும் எங்கள் கையாலேயே செய்ய வைத்தார். இரண்டு பேருக்கு ஒரு பாத்தி. மருந்து விஷயத்தில் மட்டும் அவர் பொல்லாதவர். மூடியால் அளந்துதான் வாளியில் ஊற்ற வேண்டும். தெளித்தவன் உடனே ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டிப் பாத்தி முனையில் நட வேண்டும். துணி இருக்கும் பாத்தியில் யாரும் கை வைக்கக் கூடாது. அதை அவிழ்ப்பது வாத்தியார் மட்டும்தான். துணிக்காகத் தன் மனைவியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார்.

தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "இது பள்ளிக்கூடமா, கட்சி ஆபீஸா?" என்று கேட்டார்.

"பச்சைத் துணி கட்டினா செடிக்குள்ள தெரியாதுங்க சார்" என்றார் வாத்தியார். அதற்குப் பிறகு அந்தத் துணிக்குக் கொடி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

என் பாத்திக் கூட்டாளி சவரிமுத்து. அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அப்பா இல்லை. அம்மா எங்கள் பக்கத்துக் காடுகளில் களை எடுக்கப் போவார். அவனுக்கு நாலைந்து வயதில் ஒரு தங்கை. எங்கள் பாத்தியில் வேலை பெரும்பாலும் அவனுடையது, பேச்சு பெரும்பாலும் என்னுடையது. கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தான். தக்காளிச் செடி சாயாமல் குச்சி நட்டுக் கட்டினான். காயில் புழு விழுந்தபோது காலையில் சீக்கிரமே வந்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினான்.

"மருந்தடிச்சுடலாம்டா" என்றேன்.

"அடிச்சா கொடி கட்டணும். கொடி கட்டினா பரிசு போயிரும். புழுவ நான் பொறுக்கிக்கறேன், நீ சும்மா இரு, அது போதும்."

அவன் சொன்னது உண்மைதான். மேலதிகாரி ஒருவர் திங்கட்கிழமை தோட்டத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் தேர்ந்தெடுக்கும் பாத்தியின் பழங்கள் தருமபுரியில் நடக்கும் கண்காட்சிக்குப் போகும். வளர்த்த இரண்டு பையன்களும் கூடப் போய் மேசைக்குப் பின்னால் நிற்கலாம். கொடி கட்டிய பாத்தி போட்டிக்கு இல்லை. சவரிமுத்து தருமபுரியை அதுவரை பார்த்ததே இல்லை. நான் பலமுறை பார்த்திருந்தேன். ஆனாலும் பரிசு வாங்காமல் அப்பா முன்னால் நிற்க எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், எங்கள் பம்பு செட்டு ரூமில் பருத்திக்கு வாங்கி வைத்திருந்த எண்டிரின் பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மூடியால் அளக்கவில்லை. பாட்டிலை வாளியில் சாய்த்தேன். தெளிப்பான் வாத்தியாரின் அலமாரியில் பூட்டிக் கிடந்ததால் வேப்பங்கொத்தை முக்கி முக்கி உதறினேன். பழங்களின் மேல் பால் தெளித்த மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. அதிகாரி பார்க்கும் முன்வரிசைப் பழங்களை மட்டும் ஈரத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினேன். பின்வரிசையை விட்டுவிட்டேன். கொடி கட்டவில்லை.

அதிகாரி வந்தார். எங்கள் பாத்திக்கு முன்னால் நின்றார். ஒரு பழத்தைப் பறித்து உள்ளங்கையில் உருட்டினார், மூக்கருகே கொண்டுபோனார். கடித்துவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடிக்கவில்லை. "நல்ல பழம்" என்று சொல்லி வாத்தியாரிடம் கொடுத்தார். பரிசு எங்களுக்குத்தான். சவரிமுத்து என் தோளில் குத்தினான்.

அந்த அதிகாரி கடித்துவிடுவாரோ என்று பயந்த எனக்கு, சாயங்காலம் அந்தப் பயம் வரவில்லை. பறிக்கிற பழத்தைக் கூட்டாளிகள் முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அன்று சவரிமுத்துவின் முறை. முன்வரிசையைக் கண்காட்சிக்கு விட்டுவிட்டுப் பின்வரிசையில் பறித்துத் துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தான். மருந்து வாடை அந்தத் தோட்டத்தில் எப்போதும் இருக்கும். அவனுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. கேட்டருகே சைக்கிளோடு நின்ற என்னிடம் ஒரு பழத்தை நீட்டினான்.

"இந்தா, நீயும் ஒண்ணு தின்னு. ஜில்லாவுக்கே நம்ம பழந்தான்."

"எனக்கு வேணாம். கழுவிட்டுத் தின்னுங்கடா."

"கழுவறதெல்லாம் உங்க வூட்ல. நாங்க குடிக்கிற தண்ணிக்கே அரை மைல் போவணும்." சிரித்துக்கொண்டே போனான். அவன் முதுகு பார்வையிலிருந்து மறையும்வரை நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் பரிசும் போய்விடும்.

அவன் வீட்டுக்குப் போனபோது அம்மா காட்டு வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அவன் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போன நேரத்தில் தங்கை துண்டை அவிழ்த்துப் பழங்களைக் கழுவாமல் பச்சையாகத் தின்றிருக்கிறாள். அந்தி நேரத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் குழந்தையின் வாயை முகர்ந்துவிட்டு "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டாராம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சவரிமுத்து முதன்முதலாகத் தருமபுரியைப் பார்த்தது அப்படித்தான்.

விடியற்காலையில் பால்காரர் எங்கள் வாசலில் அந்தச் செய்தியைச் சொன்னார். நான் பல் துலக்கவில்லை. தோட்டத்துக்கு ஓடினேன். வாத்தியார் தோட்டக் கொட்டகைக் கயிற்றில் மாட்டியிருந்த துணிகளில் ஒன்றை எடுத்து, குச்சியில் கட்டி, எங்கள் பாத்தி முனையில் நட்டேன்.

வாத்தியார் கேட்டபோது தயாராகச் சொன்னேன். அதிகாரி போன பிறகு வீட்டு மருந்தை அடித்தேன், கொடி கட்டினேன், சவரி கவனிக்காமல் பறித்திருக்கிறான், கழுவித் தின்னச் சொல்லியும் அனுப்பினேன். வாத்தியார் குனிந்து அந்தத் துணியைத் தொட்டார். பிறகு குச்சியைத் தொட்டார்.

"ராத்திரி தூறல் போட்டுதே" என்றார். துணி காய்ந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. நிலம் எங்களுடையது. வருஷம் முடிவதற்குள் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போலீஸ் வராமல் அப்பா பார்த்துக்கொண்டார். சவரியின் வீட்டுக்கு ஒரு மூட்டை கேழ்வரகு அனுப்பினார். அது வாசலிலேயே கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு சவரிமுத்து தோட்டத்துக்கு வந்தான். கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் பாக்கலையே."

"அதனாலதான்டா கழுவச் சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான். "ஆமா, நீ சொன்ன. நான்தான் சிரிச்சேன்."

அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. ஒருமுறை சந்தையில் பார்த்தேன். மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டதாகச் சொன்னான். கொடியைப் பார்க்காமல் பறித்துத் தங்கையைக் கொன்றதாகச் சொன்னானாம். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று சாமியார் சொன்னாராம். "எங்கம்மாதான் பேச மாட்டேங்குது" என்றான். எனக்கு மனசு லேசானது. யாரோ ஒருவர் மன்னித்தாகிவிட்டது, விஷயம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, சந்தையில் கரும்பு வாங்கித் தின்றபடி வீட்டுக்குப் போனேன்.

விவசாயப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க். விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்தது, உத்தியோகமும் கிடைத்தது. போன ஊரிலெல்லாம் பையில் சிவப்புத் துணி கொண்டுபோனேன். மருந்தடித்த வயலில் கட்டாவிட்டால் சண்டை போட்டேன். சித்தேரி மலையில் என்னைச் செவப்புத்துணி ஆபீசர் என்றே கூப்பிட்டார்கள். அதைப் பிராயச்சித்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவில்லை.

என் மனைவி இறந்த பிறகு, இந்த வயதில்தான் சவரிமுத்துவைத் தேடிப் போனேன். அன்று கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். வீட்டிலிருந்த அவன் மருமகள் "மாமா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்காருங்க" என்றாள். அங்கே போய் அவனைக் கண்டேன்; கட்டட மேஸ்திரி வேலை பார்த்தே ஓய்ந்த உடம்பு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல்லறைகள், ஒன்று சின்னது. சின்னதை அடித்து முடித்துவிட்டுப் பெரியதில் பாதி வரை வந்திருந்தான். நான் யாரென்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொடி இல்லை என்பதையும், விடியற்காலையில் நட்டதையும்.

அவன் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியின் மேல் குறுக்கே வைத்தான்.

"அன்னிக்கு ஒரு பழம் குடுத்தேனுங்க. வேணாம்னீங்க" என்றான். ஒரு காலத்தில் என்னை வாடா போடா என்றிருந்தவன். "ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் அது மனசுல பட்டுது. கேக்கலாம்னு உங்க வூட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உங்கப்பா கட்டில்ல உக்காந்திருந்தாரு. என்ன வேலைக்கு வந்தேன்னு கேட்டாரு. மாட்டுக் கொட்டாய்க்குச் செவுரு பூசணும்னாரு. பூசிட்டு வந்தேன்."

பெரிய கல்லறையைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்கம்மா சாவற வரைக்கும் என் கையால ஒரு வாய் சோறு வாங்கல. காய்ச்சல்ல கிடந்தப்பவும் பக்கத்து வூட்டுக்காரங்கதான் ஊட்டணும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? அதுங்கிட்ட சொல்லுங்க."

அவன் காட்டிய கல்லறையின் பக்கம் திரும்பினேன். கைகளைக் கட்டிக்கொண்டு, கொடி இல்லைங்க அம்மா, நான் கட்டவே இல்லை, உங்க பையன் மேல தப்பில்லை என்று சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்க. எங்கம்மாவுக்குக் காது மந்தம்."

சத்தமாகச் சொன்னேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சாமியார் சொன்ன மன்னிப்பைச் சந்தையில் கேட்டு, எல்லாம் தீர்ந்தது என்று கரும்பு தின்ற பையனுக்கு, மன்னிக்க வேண்டியவள் அந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியாது. அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதும் என்பதும் தெரியாது.

திரும்பியபோது சவரிமுத்து மட்டையை வாளியில் தோய்த்துக்கொண்டிருந்தான். போங்க என்றும் சொல்லவில்லை, இருங்க என்றும் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து மீதிப் பாதியை அடிக்கத் தொடங்கினான்.