எண்ணூரில் வளைந்த கிளைடர்

எழுபதுகளின் தொடக்கம் அது. துறைமுகத்தில் என்னுடன் வேலை பார்த்த நண்பனும் நானும் மூங்கில் சிம்பும் மெல்லிய காகிதமும் கொண்டு எஞ்சின் இல்லாமல் பறக்கும் ஒரு கிளைடர் செய்தோம். கையிலிருக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் அதன் வால் திரும்பும்படி, பழைய ரேடியோ பாகங்களை வைத்து அமைக்க ஆறு மாதம் ஆனது.

ஒரு ஞாயிறு காலை எண்ணூர் கடற்கரையில் நண்பன் அதை வீசினான். நான் பொத்தானை அழுத்தினேன். அழகாக வலப்பக்கம் வளைந்தது.

"திரும்புது மாமு!" என்று கத்தினான்.

அவ்வளவு பெருமை நான் பட்டதேயில்லை. அதன் பிறகு எத்தனை முறை அழுத்தியும் கேட்காமல் நேராகப் போய்க் கடலில் விழுந்தது.

கட்டுமரத்தில் வந்தவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். கிளைடரின் அடியில் இருந்த ரேடியோ சுவிட்சைப் பார்த்தேன். போடவேயில்லை. போடவேண்டியவன் நான்தான். நண்பன் கவனிக்கவில்லை, விரலால் சுவிட்சைத் தள்ளிவிட்டு நான் மறைத்திருக்கலாம். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அப்போ திருப்புனது யாரு?"

"காத்துதான்."

நண்பன் இறக்கையிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டான். பிறகு, "ரேடியோ இல்லாமயே இம்மாந்தூரம் பறந்துகினு போச்சே! நம்ம றெக்கை நல்லாத்தான் கீது மாமு" என்றான்.

ரேடியோவைக் காயவைத்து அடுத்த மாதம் மறுபடி பறக்கவிட்டோம். சொன்னபடி திரும்பியது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முதல் வளைவுதான், அது என் கையால் வந்ததில்லை என்று தெரிந்தும்.