அண்ணைக்காக நான் எழுதிய விலக்குக் கடிதம்

உதவுகிறேன் என்று நம்பி இன்னொருவருடைய தகுதியைக் குறைத்து எழுதும் உரிமையை எனக்கு யார் தந்தார்கள்? தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியில் அதே தளத்தில் குடியிருந்த ஓர் அண்ணைக்கு, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக் கடமைக்கான அழைப்பு வந்தபோது எழுந்த கேள்வி இது.

அவர் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். அழைப்பை என்னிடம் காட்டவே வந்தார். விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றது நான்.

"வழக்கு இழுபட்டால் வேலை போயிடும் அண்ணை. அதுக்குப் பதிலா தேர்தலண்டு வாக்குச்சாவடியிலை வேலை செய்யிறன் எண்டு கேப்பம். அதுவும் கடமைதானே?"

"இருபது வருசம் மற்றவை சொன்னதைத்தான் எழுதினனான் தம்பி. ஒருக்கா நானும் சொல்லிப் பாப்பமெண்டு..." என்று சிரித்தார். "சரி, நீர் படிச்ச பிள்ளை."

மணிக்கூலித் தொழிலாளருக்கு ஜூரிக் கடமைக்குப் பதிலாகத் தேர்தல் பணி என்ற அந்த மாற்று வேண்டுமென்று நான் கூட்டங்களில் வாதாடிவந்த காலம். சட்டத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆகவே கோரிக்கைக்கு வலுவூட்ட ஒரு வரி சேர்த்தேன்: வழக்கை விளங்கிக்கொள்ள இவருடைய ஆங்கிலம் போதாது, வாக்காளர் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கப் போதும். எழுதித் தந்தவன் முன்னால் வாசித்துப் பார்ப்பது அவனை நம்பாதது போலாகும் என்பது எங்களவர் வழக்கம். வாசிக்காமலே கையொப்பமிட்டார்.

மொழியறிவு போதாமையால் விலக்கு அளிக்கப்படுகிறது என்று நீதிமன்றத்திலிருந்து அவருக்குப் பதில் வந்தது. தேர்தல் பணி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தாளுடன் அண்ணை என் வாசலில் நின்றார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டோ எழுதினீர்?"

"உங்கடை வேலையைக் காப்பாத்தத்தான் அண்ணை..."

"ஓம், காப்பாத்திப்போட்டீர். இதைத்தான் என்ரை சூப்பவைசரும் நெடுகச் சொல்லுறான். அவனுக்காவது என்னைத் தெரியாது."

திருத்தி எழுதுகிறேன் என்றேன். "இன்னும் எழுதப் போறீரோ?" என்றுவிட்டுப் போனார்.

அடுத்த தேர்தலில் அந்த வாக்குச்சாவடி வேலைக்கு நானே போனேன். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பகல் முழுவதும் அடிமட்டம் வைத்து, வாக்களித்தவர்களின் பெயர்களைக் கோடிட்டு அடித்தேன். எதைப் பற்றியும் எவரும் என் தீர்ப்பைக் கேட்கவில்லை. வழக்கைக் கேட்டுத் தீர்மானிக்கக்கூடிய ஒருவருக்கு இதுவே போதுமென்று முடிவு செய்தவன் நான். அவருடைய ஏழ்மையை எண்ணிப் பார்த்த நான், அவருடைய அறிவை எண்ணிப் பார்க்கவில்லை.

அதன்பின் அந்த மாற்றுக்காக நான் பேசியதில்லை. யாருக்குக் கடிதம் எழுதினாலும் கையொப்பத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுகிறேன். அண்ணை என்னிடம் பிறகு எந்தக் கடிதத்தையும் கொண்டுவரவில்லை.