எந்தப் பெடல்?

தலை கழுத்தோடு ஒட்டியிருப்பதால்தான் அன்வர் பாஷா அதை வீட்டில் வைத்துவிட்டு வராமல் இருக்கிறார் என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு. பகலில் அவர் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் ஜாக்கெட் தைப்பவர். சாயங்காலம் அழைப்பு வந்தால் ஆரோக்கியமேரியின் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். வாசிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. டிரம்மெல்லாம் குழுவின் வண்டியில் வந்துவிடும். குச்சி, சிம்பல், காலால் அடிக்கும் பெடல் மூன்றையும் மட்டும் அவர் கொண்டுவர வேண்டும். அந்த மூன்றில்தான் வருஷம் முழுக்கத் தகராறு.

அடையாறில் ஒரு வரவேற்புக்குக் குச்சியை மறந்தார். சமையல்கட்டிலிருந்து இரண்டு மரக்கரண்டி வாங்கி, திருப்பிப் பிடித்து வாசித்தார். தி.நகரில் சிம்பலை மறந்தார். அது ஒலிக்க வேண்டிய இடத்திலெல்லாம் மைக்கில் வாயாலேயே 'ஜிஷ்' என்றார். கூட்டம் சிரித்தது, மேரி சிரிக்கவில்லை.

"ரெண்டு தபா ஆச்சு அன்வர்," என்றார் அன்றைக்கு. "இன்னொரு தபா மறந்துட்டேன்னு எம்முன்னாடி வந்து நிக்காத. டிரம் சத்தம் போடற ரிதம் பேட் ஒண்ணு பாத்து வெச்சிகீறேன். அத்த வாங்கிக்கினு நானே தட்டிக்கிறேன்."

மேரி சொன்னால் சொன்னதுதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் குழுவுக்கு மேடை உடை தைத்துக்கொண்டு போன இடத்தில், அன்றைக்கு டிரம்மர் வரவில்லை என்று கேள்விப்பட்டு, "நான் உக்காரட்டுமாக்கா?" என்று கேட்டவர் அன்வர். துணி வெட்டும் மேசையில் விரலால் தட்டிப் பழகியதைத் தவிர அதுவரை அவருக்கு வேறு பயிற்சி கிடையாது. யார் எவர் என்று பார்க்காமல் மேரி உட்கார வைத்தார். அளவு எடுத்தது, நூல் வாங்கியது, பால் கணக்கு எல்லாம் மறந்துபோகும் மனுஷனுக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் மறக்காது. நாற்பது பாட்டும் வரிசையாக வந்து நிற்கும். அந்த இடம் போய்விட்டால் தான் வெறும் மறதிக்காரன்தான் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் நந்தனத்துக் குடியிருப்போர் சங்க விழாவுக்கு மனுஷன் ஏகப்பட்ட உஷாராக இருந்தார். குச்சியையும் சிம்பலையும் காலையிலேயே பையில் போட்டாயிற்று. மத்தியானம் கோபாலபுரத்தில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனவருக்கு நடுவழியில் பெடல் ஞாபகம் வந்தது. உடனே மனைவி மெஹக்குக்குப் போன் போட்டார். "பெடலைப் பையில வெச்சுடு. வந்ததும் தூக்கிக்கினு ஓடணும்." வீட்டில் அவர்கள் பேசுவது உருது. என்ன செய்வது, உருதுவிலும் பெடலுக்குப் பெடல்தான்.

மெஹக்கின் தையல் மிஷினில் மோட்டாரை ஓட்டும் கால் பெடல் மூன்று நாளாகச் சிக்கிச் சிக்கி ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அன்வர். இன்றைக்காவது ஞாபகம் வந்ததே என்று மெஹக்குக்குச் சந்தோஷம். பாதி தைத்த ஜாக்கெட்டை அப்படியே நிறுத்தி, பெடலைக் கழற்றி, துணியில் சுற்றிப் பையில் வைத்தார். அன்வர் வந்து வாசலிலேயே கேட்டார்: "பெடல் வெச்சியா?"

"வெச்சுட்டேன்."

ஒன்றையும் மறக்கவில்லை என்ற பெருமையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

மேடையில் பையைத் திறந்து துணியைப் பிரித்தால், கறுப்பாக, வால் மாதிரி ஒயரோடு, மிஷின் பெடல். பாஸ் டிரம்மைக் காலால் அடிக்க வேண்டிய இரும்புப் பெடல் வீட்டில் மேசைக்கு அடியில். பாட்டு தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது.

"இன்னா பாய்," என்றார் டோலக் வாசிக்கும் நாகராஜ். "டிரம்முக்கு மோட்டார் மாட்டப் போறியா?"

அன்வர் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் மெஹக்கின் குரல் உடைந்தது. "யா அல்லா, நான் நம்ம மிஷினுதுன்னு நெனச்சேன். ஆட்டோ புடிச்சு எடுத்தாறேன்."

திரும்பினால் மேரி நிற்கிறார். "இன்னா இல்ல?"

"பெடலுக்கா."

இந்த ஒரு தடவை அவர் மறக்கவில்லை. மெஹக் மாற்றி வைத்துவிட்டாள் என்று சொன்னால் போதும், இடம் தப்பிக்கும். ஆனால் பத்துப் பேர் காதுபட அதைச் சொன்னால் நாளையிலிருந்து கேலியெல்லாம் மெஹக்குக்குத்தான். அவர் மேடைக்குப் போன ஒவ்வொரு சாயங்காலமும் அவர் விட்டுவிட்டுப் போன ஜாக்கெட்டுகளை உட்கார்ந்து தைத்து முடித்தவள் அவள். போகாதே என்று பதினாறு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த உதவிக்கு இதுவா கைம்மாறு?

"மறந்துட்டேன்க்கா," என்றார்.

மேரி திட்டவில்லை. "சரி. இன்னிக்கு முடிச்சுக் குடுத்துட்டுப் போ," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாகராஜ்தான் கை கொடுத்தார். "டோலக் இல்லாத பாட்ட மொதல்ல போடுக்கா. பாய் மேல வாசிக்கட்டும், கீழ பாஸ் டிரம்ம நான் குச்சியால அடிச்சிக்கிறேன்." அன்வர் சட்டைப்பையிலிருந்த ஊசி நூலை எடுத்து, கைக்குட்டையை உபரிக் குச்சி ஒன்றின் தலையில் உருட்டி இறுக்கித் தைத்துக் கொடுத்தார். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்த நாகராஜ், அந்தக் குச்சியோடு பாஸ் டிரம்முக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. பெடல் இருக்கிறது என்ற நினைப்பில் அன்வரின் வலது கால் வெறுந்தரையைத் தட்டியது. அந்தக் காலைப் பார்த்து நாகராஜ் அடித்தார். ஒரு அடி பிசகவில்லை. இப்படி ஒருத்தன் பக்கத்தில் இருக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று அன்வருக்கு நெஞ்சு நிறைந்தது.

நாலாவது பாட்டு முடியும்போது மெஹக் வந்துவிட்டார். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் லஸ் முனையில் ஆட்டோ நகராமல், இறங்கி நடந்து, வேறு ஆட்டோ பிடித்திருக்கிறார். புர்கா முழுக்கப் புழுதி. நேராக மேடைக்குக் கீழே நின்ற மேரியிடம் போனார்.

"மேரிக்கா, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. வெக்கச் சொன்னாரு, கெளம்பும்போது கேக்கவும் கேட்டாரு. நான்தான் மிஷின் பெடல வெச்சுட்டேன்."

"அவன் மறந்துட்டேன்னு சொன்னானே."

மெஹக் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். அன்வர் சிம்பலில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேரி, மெஹக்கை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பெடலைத் தானே தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். அன்வரின் காலடியில் வைத்தார்.

"மூணு தபா மறந்துட்டேன்னு சொன்ன. ரெண்டு தபா நெசம், ரெண்டுக்கும் உன்ன வெரட்டியிருக்கணும்," என்றார் தணிந்த குரலில். "இன்னிக்கு சொன்ன பொய்க்குத்தான் உன்ன வெச்சிக்கிறேன். அடுத்த ஞாயித்துக்கெழம சைதாப்பேட்ட. வந்து சேரு."

அன்வர் குனிந்து பெடலை மாட்டினார். கண்ணீர் மறைத்ததில் திருகு இரண்டு தரம் கை நழுவியது.