சீமாட்டியின் மூட்டும் மாப்பிள்ளையின் மூட்டும்

அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் லாயம் பார்க்கிறவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். சாணம் அள்ளப் போகிற மனிதர் தினமும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு போய் நின்றால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மனைவி பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர். வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் தன் பேரைவிட அந்தக் குதிரையின் பேர்தான் அதிகம் கேட்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் பொய்யும் இல்லை.

அந்தக் குதிரை சீமாட்டி. முதன்முதலில் குதிரை ஏறி நடுங்குகிற பிள்ளைகளைக்கூட அலுங்காமல் குலுங்காமல் சுமந்து வரும். போன வருஷம் அதன் முன்னங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்துபோய் நொண்ட ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

குதிரை மருத்துவர் ஓர் இளம்பெண், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். தேய்ந்த குருத்தெலும்பு தானாக வளராது என்றார். சீமாட்டியின் நெஞ்செலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சில வாரம் வளர்த்துப் பெருக்கி, மூட்டுக்குள் ஊசியாகப் போடலாம். வீக்கம் தணிந்து தேய்ந்த இடம் தேறி வர வாய்ப்பு உண்டு, ஆனால் உத்தரவாதம் கிடையாது என்றார். பள்ளி முதலாளி சம்மதித்தார். ஊசிக்குப் பிறகு மூன்று பரிசோதனை. மூன்றாவதிலும் நொண்டினால் சீமாட்டியை எங்கேயோ தூரத்துப் பண்ணைக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

ஊசி போட்ட பிறகு மாப்பிள்ளை செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஐந்து நிமிஷம் நடத்தச் சொன்னால் கடிகாரத்தைப் பார்த்து ஐந்தே நிமிஷம். வேறு யாரும் கயிற்றைத் தொடக் கூடாது. இதற்கு நடுவில் அவருடைய இடது முழங்காலும் தகராறு செய்துகொண்டிருந்தது. நொண்டுகிற ஆளை வேலையில் வைத்திருப்பார்களா என்ற பயத்தில் பள்ளியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. டாக்டரைப் பார்க்க மனைவி மூன்று முறை நாள் குறித்தும் மூன்று முறையும் டிமிக்கி கொடுத்துவிட்டார்.

முதல் பரிசோதனையில் சீமாட்டி தேறவில்லை. முன்னங்கால் வலிக்கிற குதிரை ஓடும்போது தலையை ஆட்டும், சீமாட்டியும் ஆட்டியது. இரண்டாவதிலும் அதே கதை. மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்கேனில் மூட்டு நன்றாக இருக்கிறது, மடக்கினால் வலி இல்லை, ஓடினால் மட்டும் தலை ஆடுகிறது. வீடியோ எடுத்து வைத்து நூறு முறை பார்த்தார். அதில் குதிரையின் தலையும் காலும்தான் இருந்தன, கயிறு பிடித்த ஆள் இல்லை.

மூன்றாவது பரிசோதனைக்கு, முழங்கால் டாக்டரைப் பார்க்க மனைவி நாலாவது முறையாகக் குறித்திருந்த அதே நாளைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார் மாப்பிள்ளை. மனைவி விடுவாரா? பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனை நேரே லாயத்துக்கு விட்டார். வேலி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை கயிற்றைக் குதிரையின் மோவாய்க்கருகில் இறுக்கிப் பிடித்து, மைதானத்தின் அந்தக் கோடிவரை சீமாட்டியை ஓட்டிப் போய்த் திரும்பினார். தலை ஆடியது. மருத்துவர் குறிப்பேட்டைத் திறந்தார். மாப்பிள்ளையின் முகம் செத்துவிட்டது.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க," என்றார் மனைவி. "குதிரை எங்க நொண்டுது? இந்த மனுஷன்தான் இடது கால ஊனுறப்பல்லாம் கயித்தப் பிடிச்சு இழுக்குறாரு. அது தலைய ஆட்டாம வேற என்ன செய்யும்?"

இத்தனை மாதத்தில் மருத்துவர் முதல் தடவையாக மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். தனியாகப் பத்தடி நடக்கச் சொன்னார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், கயிற்றை வாங்கி மனைவி கையில் கொடுத்தார். வாழ்நாளில் குதிரையைத் தொட்டறியாத அந்த அம்மா, கடித்துவிடுமோ என்ற பயத்தில் கயிற்றின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு, கையை எட்ட நீட்டியபடி ஓடினார். கயிறு தொங்கியது. சீமாட்டியின் தலை இம்மியும் ஆடவில்லை. இன்னும் இரண்டு சுற்று ஓடவிட்டுப் பார்த்தும் அப்படியேதான். தேறியாயிற்று என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

மாப்பிள்ளை இஸ்திரிச் சட்டையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அடப்பாவி, நாந்தானே அவள ரெண்டு தடவையும் தோக்கடிச்சிருக்கேன்," என்றார்.

எழுந்து கயிற்றுக்குக் கை நீட்டினார். மனைவி தரவில்லை. முதலில் வேனில் ஏறச் சொன்னார். மாப்பிள்ளை மெல்ல மருத்துவர் பக்கம் நகர்ந்து, அதே ஊசி தனக்கும் சரிப்படுமா என்று கேட்டுப் பார்த்தார். நாலு கால் உள்ளவர்களை மட்டும்தான் தான் பார்ப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லை. சின்னப் பிள்ளைகளின் இருக்கையில் முட்டியை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி லாயத்து ஆட்களைக் கூப்பிட்டார்.

"நான் வர்ற வரைக்கும் சீமாட்டிய நடத்த ஆள் போடுங்கப்பா. நேரா நடக்குற ஆளாப் பாத்துப் போடுங்க."