தங்கையைப் பார்க்க வந்தவரின் விரல்கள்

போக்கர் ஆடுவதுதான் என் தொழில். இந்த ஒரு வரியை எழுதவே எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. மாதத்தில் பாதி நாள் பெங்களூர், கோவா. மீதி நாள் மைசூரில் எங்கள் வீட்டில் தூக்கம். கட்டட மேஸ்திரியான அப்பாவிடம், "சூதாட்டம் இல்லப்பா, கணக்கு, பொறுமை, எதிராளியோட கையையும் மூஞ்சியையும் படிக்கிற வேலை" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிச் சொல்லி ஒருவழியாக நம்பவைத்திருந்தேன். வெளியாட்களிடம் மட்டும் அவர் 'கம்ப்யூட்டர் வேலை' என்பார்.

தங்கையைப் பெண் பார்க்க குண்டலுபேட்டையிலிருந்து வந்தார்கள். காய்கறி மண்டிக் குடும்பம், மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் உத்தியோகம். முப்பதைத் தொடப்போகிற என் தங்கைக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போயிருந்தது. இவர் ஒருவரைத்தான் அவளே வாய்விட்டுப் பிடித்திருக்கிறது என்றாள். இரண்டு வாரமாகப் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தட்டில் உப்பிட்டும் கேசரிபாத்தும் ஆறிக்கொண்டிருக்க, பெரியவர்கள் ஊர்க்கதை பேசினார்கள். மாப்பிள்ளை ஜன்னலோரம் கிடந்த கேரம் காய்களில் ஆறை எடுத்து, மூன்று மூன்றாக அடுக்கினார். பிறகு குனிந்து பார்க்காமலே, ஒரே கையால் இரண்டு அடுக்கையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தார். பிரித்தார். மறுபடி கோத்தார்.

அந்த விரல்களை எனக்குத் தெரியும். போக்கர் மேசையில் காசுக்குப் பதிலாக வட்டச் சில்லுகள் இருக்கும். நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்கிறவன் விரல்கள் சும்மா இருக்காமல் அதை இப்படித்தான் கோத்துக் கோத்துப் பிரிக்கும். மாதக்கணக்கில் அங்கே பழி கிடந்தால்தான் அந்த லாகவம் வரும்.

வழியனுப்புகிற சாக்கில் கார்வரை நடந்து, "எங்கே ஆடுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களுமா! இந்த வருஷம் கொஞ்சம் அடி. அடுத்த மாசம் எல்லாத்தையும் பிடிச்சிருவேன்."

மேசையை விட்டு எழுந்து வரத் தெரியாதவர்கள் சொல்வது அது. போன மாதம் அம்மாவிடம் நானும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

கார் போனதும் அப்பாவிடம் சொன்னேன். "இந்த இடம் வேண்டாம்ப்பா. அவர் சீட்டாடறார்."

"நீ பண்றதுதானேடா?"

"ஆமா."

"கணக்கு, பொறுமைன்னு சொன்னயே?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏமாந்துபோன மனுஷனாக என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தரகருக்குப் போன் போட்டு, "ஜாதகம் ஒத்துவரலைங்க" என்றார். உண்மைக் காரணத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

தங்கை பட்டுப்புடவையை மாற்றாமல் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முந்தும். "யாக்கண்ணா?" என்றாள். ஏன் என்று கேட்கிறாள். கேரம் காய், விரல், அடுத்த மாதம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"கட்டிக்கிட்டா அழிஞ்சு போயிருவேனா?"

"போயிருவே."

தலையில் இருந்த மல்லிகையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாளைக்கு ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க உன்னைப் பத்தி எங்கிட்ட விசாரிச்சா, நான் என்னண்ணா சொல்லட்டும்?"

"வேண்டாம்னு சொல்லிரு" என்றேன்.

அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள்.