அடிப்பக்கத்து வெட்டு

அந்த வட்டாரத்து மெக்கானிக்குகள் அவரைச் ‘சோப்புத்தண்ணி’ என்றுதான் சொல்வார்கள். டர்போ வண்டி இழுக்கவில்லை என்று யாராவது வந்தால், மற்றவர்கள் எடுத்த எடுப்பில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போவையே மாற்றச் சொல்லி வண்டிக்காரன் தலையில் மிளகாய் அரைப்பார்கள். இவர் முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து, காற்று எங்கே கசிகிறது என்று பார்ப்பார். மனைவி போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்ததும் அந்தப் பட்டறையில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து டார்ச் பிடிப்பாள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

இன்று வந்து நின்றது மாப்பிள்ளையின் கார்.

“அறுபதத் தாண்டவே மாட்டேங்குது மாமா. சைக்கிள்காரன்கூட முந்திட்டுப் போறான்.”

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வண்டியில் மாட்டிய ஸ்கேனர், எஞ்சினுக்குப் போகும் காற்றின் அழுத்தம் குறைகிறது என்றது. மாமனார் டர்போவின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், ஆட்டமில்லை. காற்று நுழையும் வாயை அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து அளவாகக் காற்றைச் செலுத்தி, ரப்பர் குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். மேலே ஒன்றுமில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, குழாயை இறுக்கிய ஒரு கிளாம்புக்குப் பக்கத்தில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

விரலால் துடைத்தார். பழைய ரப்பர் உப்பி, வெடித்து, ஓரம் பிசிறடித்துத்தான் கிழியும். இது பிளேடு போட்ட நேர்க்கோடு. மேலிருந்து யார் கண்ணிலும் படாத இடம். அந்த இடம் தெரிந்த ஆள் மாப்பிள்ளை வீட்டில் ஒருத்திதான்.

போன மாதம் மகள் வந்து அழுதிருந்தாள். கோபம் வந்தால் மாப்பிள்ளை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நூற்றைம்பதில் விரட்டுகிறாராம். இறக்கிவிடச் சொல்லிக் கத்தினால் இன்னும் மிதிக்கிறாராம். “ஆம்பளைங்க கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டுவாங்க. நீ வாயக் குடுக்காம இரு” என்று புத்தி சொல்லி அனுப்பினார் இந்தப் பெரிய மனிதர். ஊரான் காரின் முனகலை நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்கிறவருக்கு, பெற்ற பெண் சொன்னதைக் கேட்க நேரமில்லை.

“என்ன மாமா, சத்தத்தையே காணோம்? நானும் பாக்கட்டுமா?”

மாப்பிள்ளை குனிவதற்குள் அவர் குறடால் வெட்டைக் கவ்வி இழுத்துக் கிழித்தார். ஓரங்கள் நார்நாராகத் தொங்கின.

“குழாய் வெடிச்சிருக்கு மாப்ள. டர்போவும் போன மாதிரிதான் தெரியுது. வண்டி இங்கயே கிடக்கட்டும்.”

நல்ல டர்போவை அவர் பழித்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

“எத்தன நாளாகும்?”

“சாமான் வரணும். இப்ப எதுவும் சொல்ல முடியாது.”

மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, மகளுக்குப் போன் போட்டார்.

“கார் என்கிட்டதான்மா இருக்கு.”

மறுமுனையில் மகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அவர்கிட்ட சொல்லிட்டியாப்பா?”

“இல்லம்மா. அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாத மாதிரி பண்ணிட்டேன்.” கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. துணிமணிய எடுத்து வை. அப்பா வந்து கூட்டிட்டு வந்துடறேன்.”

“அதெல்லாம் வேணாம்ப்பா.” முன்பின் தெரியாத ஒருவரிடம் சின்ன உதவி கேட்பதுபோல் தயங்கித் தயங்கிப் பேசினாள். “வண்டிய மட்டும் சீக்கிரம் சரி பண்ணிடாத. அது போதும்.”